மறுபடி சைக்கிள்: ரோட்டா, குறுக்கா?

சைக்கிள் ஓட்டப் பழகினால் ஆயுசுக்கும் மறக்காது என்பார்கள். எங்களுக்கும் மறக்கவில்லை. அதுதான் பிரச்சினையாகப் போனது.

நாங்கள் மூன்று பேர். மாத்தளை மாவட்டத்தில் ஒரே தோட்டத்தில், பக்கத்துப் பக்கத்து லயங்களில் வளர்ந்தவர்கள். ஒருவன் சாதாரண தரம் எழுதிய கையோடு கொழும்புக்குப் போய் புறக்கோட்டையில் ஒன்பது வருஷம் கடையில் நின்றவன். இன்னொருவன் மாத்தளை டவுனில் வேலை செய்கிறவன், மோட்டார் சைக்கிள் வாங்கிய அன்றோடு சைக்கிளைக் கைவிட்டவன். மூன்றாமவள் பெரியவளான அன்றோடு சைக்கிளை விட்டவள். இல்லை, 'விட வைக்கப்பட்டவள்' என்று எழுதச் சொல்கிறாள். சேர்ந்து எழுதுவதால் எல்லாவற்றுக்கும் 'நாங்கள்' என்றே போடுகிறோம். விழுந்தது ஒருத்தர்தான். ஆனால் அந்த வழியால் இறங்கலாம் என்று முடிவெடுத்தது மூன்று பேரும்.

மறுபடி ஓட்டத் தொடங்கியதற்குக் காரணம் உடற்பயிற்சி ஆசை ஒன்றுமில்லை. 2022இல் பெற்றோல் இல்லை, அவ்வளவுதான். ஜூன், ஜூலை மாதங்களில் செட்டுக்கு முன்னால் இரவு பகலாக வரிசை. மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டு, சித்தப்பாவின் பழைய லுமாலாவை எடுத்து, டியூப் மாற்றி, செயினுக்கு எண்ணெய் போட்டு டவுனுக்குப் போய் வந்தோம். அதே நேரம் கொழும்பில் கடை ஆட்களைக் குறைத்தது. அங்கிருந்தவன் கையிலிருந்த காசில் ஒரு செக்கண்ட் ஹேண்ட் மவுண்டன் பைக்கை வாங்கி, ரயிலில் பார்சல் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தான். அகலமான டயர், முன்னால் சஸ்பென்ஷன், 21 கியர். லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு ரவுண்ட் போனார்கள். வரிசைகள் முடிந்த பிறகும் சைக்கிள் எங்களை விடவில்லை. மலைக்குள் போகலாம் என்று தோன்றியது.

எந்த வழியால் போவது? எங்களுக்கு அது ஒரு கேள்வியாகவே தெரியவில்லை. மேல் டிவிசன் லயத்திலிருந்து கீழே ஸ்கூல் ரோட்டுக்கு இறங்குகிற குறுக்கு இருக்கே! பத்து, பன்னிரண்டு வயசில் பிரேக் இல்லாத சைக்கிளில் காலைத் தேய்த்துக்கொண்டே இறங்கிய வழி. எந்த இடத்தில் கல், எந்த இடத்தில் வளைவு, எந்த இடத்தில் தலையைக் குனியணும், எல்லாம் மனப்பாடம்.

2023 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்றாவது வளைவில் முடிந்தது கதை.

வழி மாறியிருந்தது. நடுவில் புதிதாக ஒரு கான் வெட்டியிருந்தார்கள். பழைய கற்படி மழையில் கழன்று உருண்டை உருண்டையாகக் கிடந்தது. ஆனால் பழியை வழி மேல் மட்டும் போட முடியாது. பன்னிரண்டு வயசில் முப்பது கிலோ இருந்த உடம்பு இப்போது எழுபது. பாரம் கூடினால் அதை நிறுத்த வேண்டிய தூரமும் கையில் வேண்டிய பலமும் கூடும் என்று மண்டைக்குத் தெரிந்தாலும், கைக்குத் தெரியவில்லை. அன்றைய சைக்கிளில் பிரேக் இல்லை, இன்றைய சைக்கிளில் இருந்தது. பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தோம். முன் சக்கரம் உதிரிக் கல்லில் வழுக்கி, ஆள் கானுக்குள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மலையில் ஒரு ஆளில்லை. வேலை நாளென்றால் பக்கத்து மலையில் கொழுந்து எடுக்கிற அக்காமார் இருப்பார்கள். ஆளில்லாத நாள் பார்த்துப் போனதே யாரும் ஏசக்கூடாது என்றுதான். ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து ஓட்டோ பிடிக்க முக்கால் மணித்தியாலம் ஆனது.

ஆறு கிழமை பிளாஸ்டர். ஊருக்கு வந்தபின் செய்துகொண்டிருந்தது பெயின்ட் அடிக்கிற வேலை, நாள் கூலி. கை இல்லையென்றால் கூலி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அம்மா சொன்னது எங்கள் மூன்று பேர் மனசிலும் அப்படியே நிற்கிறது. "கொழுந்தெடுக்கப் போயி விழுந்திருந்தாலாச்சும் தொரகிட்ட போயி கேக்கலாம். வெளயாடப் போயி ஒடச்சிக்கிட்டு வந்திருக்க. யாருகிட்ட கேக்கிறது?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதிலில்லை. சைக்கிளை விற்றுவிடலாம் என்றுகூடப் பேசினோம். கடைசியில் விற்கவில்லை. ஆனால் வழியைத் தேர்ந்தெடுக்கிற விதத்தை முழுசாக மாற்றினோம். பல வருஷத்துக்குப் பிறகு சைக்கிளைத் தூசி தட்டப்போகிற எங்களைப் போன்ற ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

வெளிநாடுகளில் மவுண்டன் பைக் பாதைகளுக்கு நிறம் போட்டிருப்பார்கள். பனிச்சறுக்கு மலைகளில் இருந்து வந்த வழக்கம் அது. பச்சை வட்டம் என்றால் லேசு, நீலச் சதுரம் என்றால் நடுத்தரம், கறுப்பு வைரம் என்றால் கடினம். திரும்பி வருகிறவருக்குச் சொல்லும் புத்தி, நீங்கள் விட்ட இடத்து நிறத்தில் தொடங்காதீர்கள், ஒன்றிரண்டு படி கீழே தொடங்குங்கள் என்பது. மாத்தளையில் யார் போர்டு வைத்திருக்கிறார்கள்? நாங்களே நிறம் பிரிக்க வேண்டியதாயிற்று.

பிரிக்கக் கிடைத்த முதல் பிடி ரொம்ப எளிமையானது. ஒரு பாதையைப் பார்த்தால், இது எந்தப் பாரத்துக்காக வெட்டிய பாதை என்று கேட்பது.

தோட்டத்து மலையில் இரண்டு விதமான வழி இருக்கிறது. ஒன்று ரோட்டு. அந்தக் காலத்தில் மாட்டு வண்டிக்கும், பிறகு லொறிக்கும் வெட்டியது. பாரம் ஏற்றிய வண்டி செங்குத்தில் ஏறாது. அதனால் அது மலையைச் சுற்றிச் சுற்றி, கொண்டை ஊசியாக வளைந்து வளைந்து போகும். மற்றது குறுக்கு. கூடையைத் தலையில் மாட்டிய மனிதர்கள் நேரத்தை மிச்சம் பிடிக்க மிதித்து மிதித்து உண்டாக்கியது. மேலிருந்து கீழே நேர்கோடு. மாடு ஏறாத இடத்தில் எங்கள் அம்மாமார் ஏறினார்கள் என்பதைக் கணக்குப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். சின்ன வயசில் நாங்கள் ஓட்டியது எல்லாமே குறுக்குதான். திரும்பி வருகிறவருக்கு வேண்டியது ரோட்டு.

இந்தக் கண்ணோடு பார்த்தால் மாவட்டமே வேறு மாதிரித் தெரிகிறது. ரயிலுக்கும் செங்குத்து ஆகாது. கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880இல் ரயில் வந்தது. அந்தப் பாதை போகிற பள்ளத்தாக்கு ஏற்ற இறக்கம் குறைந்த இடம் என்று அப்போதே ஆள் வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். தண்ணீரும் அப்படித்தான். பொல்கொல்லையில் மறித்த மகாவலித் தண்ணீர், ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள்ளால் உக்குவளைக்கு வந்து, 1976 முதல் மின்சாரம் கொடுத்துவிட்டு சுது கங்கையில் விழுகிறது. பிளாஸ்டர் வெட்டிய பிறகு எங்களுடைய முதல் இரண்டு மாத ஓட்டம் முழுக்க இந்தப் பக்கம்தான். மாத்தளைக்கும் உக்குவளைக்கும் இடையில், ஆற்றையும் வயலையும் ஒட்டிய சின்ன ரோட்டுகள். தாரும் கொங்கிறீட்டும் மண்ணுமாக மாறி மாறி வரும். எங்கே வேண்டுமானாலும் இறங்கி நிற்கலாம். கடைக்குக் கடை பிளேன்டீ. எங்கள் கணக்கில் இது பச்சை.

அலுப்பாக இல்லையா என்று கேட்டார்கள். இருந்தது. மவுண்டன் பைக்கை வைத்துக்கொண்டு வயல்வெளியில் சுற்றுவது மானக்கேடாகவும் இருந்தது. ஆனால் அங்கேதான் உடம்பு எங்களுக்குப் பாடம் எடுத்தது. மூச்சு மூன்று நான்கு கிழமையில் திரும்பி வந்துவிட்டது. கழுத்தும், கீழ் முதுகும், பிரேக் பிடிக்கிற விரலும் வர இரண்டு மாதம் பிடித்தது. ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மூச்சு வந்துவிட்டதால் உயரமாக ஏறிவிடுவோம். இறங்குவதற்கான கை இன்னும் வந்திருக்காது.

அதனால் இரண்டாவது பிடி: வழியை ஏற்றத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், இறக்கத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஏற முடியவில்லையென்றால் இறங்கித் தள்ளலாம், யாரும் செத்துப்போவதில்லை. விழுவது இறக்கத்தில்தான். போன வழியாலேயே திரும்பி வருகிற பாதை புதிதாய்த் திரும்புகிறவருக்கு நல்லது. ஏறும்போது ஒவ்வொரு கல்லையும் கானையும் மெதுவாகப் பார்த்து வைக்கலாம். களைத்தால் எந்த இடத்திலும் திருப்பலாம், வீடு கீழேதான் இருக்கும். சுற்றுப்பாதையில் பாதி தூரம் தாண்டிவிட்டால் திரும்புவதும் முன்னால் போவதும் ஒன்றாகிவிடும். இறங்கும்போது சீட்டை ஒரு நாலு விரல் தாழ்த்தி, இரண்டு பெடலையும் சமமாக வைத்து, பின்னால் சாய்ந்து, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்கணும். முன் பிரேக்தான் அதிகமாக நிறுத்தும். அதனால்தான் வளைவுக்குள் போனபிறகு அதை இறுக்கக்கூடாது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கணும். எங்களுக்கு இது மணிக்கட்டு கொடுத்துப் படித்த பாடம்.

மூன்றாம் மாதம் எல்கடுவைப் பக்கம் ஏறத் தொடங்கினோம். தாரில் தொடங்கி கல்லு ரோட்டாக மாறுகிற தோட்டத்து ரோட்டுகள், ஓரத்தில் மிளகுக் கொடி, கராம்பு, மேலே போகப் போகத் தேயிலை. இது எங்கள் நீலம். தோட்டத்து ரோட்டு என்றால் முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். டிவிசனில் ஒரு ஆளிடம் சொன்னால் போதும், எங்கே மண் சரிந்திருக்கிறது, எந்த மலையில் மருந்து அடிக்கிறார்கள், கொழுந்து லொறி எத்தனை மணிக்கு வரும் எல்லாம் தெரிந்துவிடும்.

அங்கேதான் மூன்றாவது பிடியும் கிடைத்தது, அதோடு எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்தது.

விழுந்த அனுபவத்துக்குப் பிறகு பையன்கள் இரண்டு பேரும் ஒரு சட்டம் போட்டோம். ஆள் நடமாட்டம் உள்ள வழியாகத்தான் போகணும், லயத்து வழியாகப் போகிற ரோட்டென்றால் இன்னும் நல்லது. விழுந்தால் நாலு பேர் ஓடி வருவார்கள். எங்கள் மூன்றாமவள் முடியாது என்றாள். "ஒங்களுக்கு ஆள் இருந்தா பாதுகாப்பு. எனக்கு ஆள் இருக்கிறதுதான் கரச்சல். பீலியடியில நிக்கிற அத்தன பேரும் என்னையத்தான் பார்ப்பாங்க."

உண்மைதான். நாங்கள் மூன்று பேரும் 'பல வருஷம் கழித்துத் திரும்புகிறோம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் அந்த வருஷங்கள் ஒன்றல்ல. ஒருவனுடையதைக் கொழும்பு எடுத்தது, ஒருவனுடையதை மோட்டார் சைக்கிள் எடுத்தது. அவளுடையதை எடுத்தது பதின்மூன்று வயசில் சைக்கிளைக் கொண்டுபோய் கூரைக்கடியில் கட்டித் தொங்கவிட்ட பெரியவர்கள். ஞாயிற்றுக்கிழமை யாருமில்லாத குறுக்கில் போகலாம் என்ற யோசனை முதலில் அவளிடமிருந்து வந்ததன் காரணம் எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.

சட்டத்தை வாபஸ் வாங்கினோம். பதிலாக, லயத்து வழியாகப் போகும்போது மூன்று பேரும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது என்று வைத்தோம். தள்ளிக்கொண்டு போகும்போது பேச முடியும். முதல் இரண்டு கிழமை "கல்யாண வயசுல சைக்கிளா?" என்ற கேள்வி வராத நாளில்லை. மூன்றாம் கிழமை ஒரு பாட்டி அவளைக் கூப்பிட்டு, டவுனில் பிரஷர் குளிசை வாங்கி வரச்சொல்லி துண்டும் காசும் கொடுத்தது. அன்றிலிருந்து அந்த லயத்தில் அவள் சைக்கிள் ஓட்டுகிறவள் இல்லை, மருந்து வாங்கி வருகிற பிள்ளை. கேள்வி நின்றுவிட்டது.

இதை நல்ல முடிவு என்று எழுதப் பார்த்தோம், அவள் விடவில்லை. "நீங்க ரெண்டு பேரும் சும்மா ஓட்டலாம். நான் மட்டும் மருந்து வாங்கினாத்தான் ஓட்டலாமா?" அந்தக் கேள்வியை அப்படியே இங்கே வைக்கிறோம். இப்போது பையன்களும் துண்டு வாங்கிக்கொண்டு போகிறோம். அது பதிலாகாது என்றும் தெரியும்.

அந்த வருஷம் ஓகஸ்டில் இன்னொரு நடை எங்கள் ஊருக்கு வந்தது. மலையகத் தமிழர் இங்கே வந்து 200 வருஷம் ஆனதை முன்னிட்டு, 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. கோப்பித் தோட்டங்களுக்கு வந்த எங்கள் ஆட்கள் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்த தடம் அது. வழியிலேயே பசியிலும் கொள்ளை நோயிலும் செத்தவர்கள் ஏராளம். கடைசிப் பகுதியில் நாங்களும் சேர்ந்து நடந்தோம். சைக்கிளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், கூட்டத்தின் வேகத்தை முன்னால் போனவர்கள் தீர்மானிக்கவில்லை, வயசானவர்களும் கால் கொப்பளித்தவர்களும்தான் தீர்மானித்தார்கள். அதன் பிறகு எங்கள் மூன்று பேரில் அன்றைக்கு யாருக்கு உடம்பு முடியவில்லையோ, அவர் சொல்கிற வழிதான் அன்றைய வழி.

போகாத வழிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாத்தளை என்றதும் எல்லாரும் கேட்பது ரிவர்ஸ்டன். ரத்தோட்டை தாண்டி நக்கிள்ஸ் மலைக்குள் ஏறுகிற ரோட்டு. ரோட்டு என்பதால் ஏற்றம் ஒழுங்காகத்தான் இருக்கும், ஆனால் நீளம். மேலே காற்று சைக்கிளையே தள்ளும், பனிமூட்டம் வந்தால் பத்தடிக்கு முன்னால் தெரியாது. லீவு நாளில் வான்களின் வரிசை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் சூடாகும், விரல் மரத்துப்போகும். நாங்கள் முதலில் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, ஒரு பெப்ரவரி வேலைநாளில் விடியப் புறப்பட்டோம். எட்டரை மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்புவது என்று பேசிக்கொண்டு ஏறினோம். உச்சிக்கு முன்பே மூட்டம் இறங்கியது, எட்டே காலுக்குத் திருப்பினோம். உச்சி இன்னும் பாக்கி.

அங்கிருந்து அப்பால் பிட்டவல பத்தனை. வெறும் புல்வெளி, ஓட்ட ஆசையாகத்தான் இருக்கும். சக்கரத்தை அங்கே இறக்காதீர்கள். பாறை மேல் படிந்த மெல்லிய மண்ணில் வளர்ந்த புல் அது, ஒரு தடம் விழுந்தால் மழை அதைக் கானாக்கிவிடும். நக்கிள்ஸ் மலையில் மட்டுமே வாழ்கிற, பாறை நிறத்திலேயே இருக்கிற தட்டையான ஒரு தவளை இனத்துக்கு வீடும் அந்த ஈரப் பாறைகள்தான். 2010இல் உலக மரபுரிமையாக அறிவித்த மலை. டிக்கெட் எடுத்து, நடந்து பார்த்துவிட்டு வருகிற இடம்.

சமதரை என்றால் லேசு என்றும் நினைக்க வேண்டாம். கண்டலமை, சீகிரியா, வில்கமுவப் பக்கம் ஏற்றமே கிடையாது, ஆனால் யானை உண்டு. வெயிலுக்குப் பயந்து நாம் ஓட்ட நினைக்கிற விடியலும் அந்தியும் யானை நடமாடுகிற நேரம். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்காமல் காட்டோர வழியில் இறங்காதீர்கள். மழைக்காலத்தில் மலைப்பக்கமே வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடும், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று. எங்கள் பிரிவுக்கு மஞ்சள் வந்தாலே சைக்கிள் லயத்தை விட்டு வெளியே வராது. மாத்தளையில் யாரோ ஒருத்தர் நமக்காக நிறம் போட்டு வைத்திருப்பது அது ஒன்றில்தான்.

அந்தக் குறுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். போன மாதம் மறுபடி போனோம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலிருந்து கீழே நடந்தே இறங்கினோம். மூன்றாவது வளைவில் நின்று பார்த்தோம். கானுக்கு மேலே யாரோ ஒரு பலகை போட்டிருக்கிறார்கள். அதற்கு அப்பால் இறக்கம் எங்கள் ஞாபகத்தில் இருந்ததைவிட இரண்டு மடங்கு செங்குத்து. இதையா பிரேக் இல்லாமல் இறங்கினோம் என்று ஆளை ஆள் பார்த்துக்கொண்டோம்.

அப்போது மேலே செயின் சத்தம். பத்து, பதினொரு வயசுப் பொம்பளைப் பிள்ளை ஒன்று, தன்னைவிடப் பெரிய சைக்கிளில், இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தது. "ஒதுங்குங்க அண்ணே!" ஒதுங்கினோம். பலகையைத் தாண்டி, வளைவில் திரும்பி, தேயிலைக்குள் மறைந்துவிட்டது.

கவனமாகப் போ என்று கத்தலாமா என்று எங்களில் இரண்டு பேர் வாயைத் திறந்தோம். மூன்றாமவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"போகட்டும் விடுங்க. இன்னும் ரெண்டு மூணு வருஷந்தான் அதுக்கு இருக்கு. அதுக்குள்ள நாம அந்த ரோட்டுல ஓட்டி ஓட்டிப் பழக்கி வைக்கணும்."

அடுத்த ஞாயிறு ரோட்டு வழியாகத்தான். லயத்து முன்னால் இறங்கப் போவதில்லை என்கிறாள்.